முதுகுத்தண்டு பயத்தில் யாரும் பதியாமல் போனால்

எலும்பு மஜ்ஜை தானப் பதிவு முகாமில் பேச்சைத் தொடங்கும்போதே 'முதுகுத்தண்டைத் தொடவே மாட்டார்கள்' என்று சொல்லிவிடுங்கள். முகாமுக்குக் கூட்டம் வருகிறது, மஜ்ஜை தானம் என்றதும் நழுவிவிடுகிறது என்கிறீர்கள். அது அலட்சியம் இல்லை. தண்டுவடத்தில் ஊசி ஏற்றினால் கை கால் விளங்காமல் போகும் என்று யாராவது கிளப்பிவிட்டிருப்பார்கள்.

பதிவுக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும். பொருத்தம் அமைந்தால், பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு, கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்லை, பிரித்தெடுப்பார்கள். மஜ்ஜையே தேவைப்பட்டாலும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான். சில நாள் வலிக்கும். அதை மறைக்க வேண்டாம், மறைத்தால் அடுத்த வதந்திக்கு நீங்களே தீனி போட்டதாகும்.

அடுத்த முகாமில் அந்தக் குச்சியால் உங்கள் கன்னத்திலேயே தேய்த்துக் காட்டுங்கள். அப்படியும் கிளம்புகிறவரிடம் காரணம் கேளுங்கள். "வீட்டில் கேட்கணும்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால், பேச வேண்டியது இளைஞர்களிடம் அல்ல, அவர்களுடைய அம்மாக்களிடம்.

பொருத்தம் பார்ப்பது ஹெச்.எல்.ஏ. என்ற செல் அடையாளக் குறிகளை வைத்து. அவை மரபுவழி வருபவை. உடன்பிறந்தவரிடமே முழுப் பொருத்தத்துக்கு 4-இல் 1 வாய்ப்புதான். வெளியே தேடினால் ஒரே வம்சாவளியினரிடம்தான் பொருத்தம் அமையும் வாய்ப்பு அதிகம். பதிந்தவர்கள் குறைவான சிறுபான்மைச் சமூகத்தில் ஆள் தேடுவது இதனால்தான் இவ்வளவு கடினம்.

ஆனாலும் தயங்குகிறவரை வற்புறுத்தாதீர்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.