பால் பைத்தான் கண்ணில் ஒட்டிய தோலை இழுக்க வேண்டாம்

சகோ, முதலில் அந்த இடுக்கியைக் கீழே வையுங்கள். உங்கள் பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஒரு வகை மலைப்பாம்பு) தோலைத் துண்டு துண்டாக உரித்திருக்கிறது, இடது கண்ணில் மட்டும் ஒட்டி நிற்கிறது, இழுத்து எடுக்கலாமா என்கிறீர்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காப்பது கண்ணாடி போன்ற ஒரே ஒரு செதில்தான். பழையதை இழுக்கும்போது அடியில் இருக்கும் புதியதும் கிழிந்தால் கண்ணே போய்விடும்.

காரணம் நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது. குளிர்காலம், நாள் முழுக்க ஹீட்டர், கூண்டில் ஈரப்பதம் 35 சதவீதம். பால் பைத்தானுக்கு 60க்குக் குறையக் கூடாது, உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். ஈரம் வெளியேறாமல் இருக்க, கூண்டின் மேலே உள்ள வலை மூடியில் பெரும்பகுதியை மறைத்துவிடுங்கள், விளக்குப் பக்கம் தவிர. அப்புறம், பாம்பு ஈரத்தில் ஒளிந்துகொள்ள, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அது நுழையும் அளவு ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, ஸ்பேக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு வகைப் பாசி) நனைத்து நன்றாகப் பிழிந்து உள்ளே பரப்பி வையுங்கள். பாசி சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும்.

வால் நுனியையும் பாருங்கள். அங்கே தோல் வளையமாக இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி செத்துவிடும். வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் பாம்பைத் தானாக ஊர்ந்து போகவிட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

கண் அடுத்த உரிப்பிலும் தெளியவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம் தெரிந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.