பிபிஎஸ் மென்பொருளை மாற்றியமைக்க பாஜா படிக்க வேண்டுமா, ஜாவாஸ்கிரிப்ட் போதுமா?

சிங்க்ரோநெட் என்ற மென்பொருளில் சொந்தமாக ஒரு பிபிஎஸ் (பயனர்கள் லாகின் செய்து செய்திகளும் கோப்புகளும் பகிரும் மின் அறிவிப்புப் பலகை) வைத்திருக்கிறேன், மெனுக்களை என் விருப்பத்துக்கு மாற்ற எந்த மொழியில் எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எழுதுவதை எல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுங்கள். ஆனால் சிங்க்ரோநெட்டின் சொந்த மொழியான பாஜாவையும் வாசித்துப் புரிந்துகொள்கிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் கை வைக்கப்போகிற பழைய ஷெல்கள் (பயனர் பார்க்கும் மெனுக்களை ஓட்டும் நிரல்கள்) பலவும் அதில் எழுதியவைதான்.

பாஜா டயல்-அப் காலத்து மொழி. ஒருவர் மோடம் வழியாக உள்ளே வருகிறார், மெனுவைக் காட்டு, ஒரு எழுத்தை வாங்கு, அதற்கான வேலையைச் செய், திரும்ப மெனுவுக்கு வா. இந்த ஓட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஒரு ஷெல்லின் மூல நிரலைத் திறந்தால் எந்த எழுத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது மேலிருந்து கீழே வரிசையாகத் தெரியும், நிரல் எழுதிப் பழகாதவரும் அதில் ஒரு மெனு வரியை மாற்றிவிடலாம். அந்தத் தெளிவு எனக்கு இன்றும் பிடிக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாஜாவில் ஒரு கட்டளை வெற்றியா தோல்வியா என்பது ஒரே ஒரு பொதுவான கொடியில் (ஆமா, இல்லையா என்று மட்டும் குறித்துவைக்கும் இடத்தில்) பதிவாகும், அடுத்து வரும் 'உண்மையானால்' வரி அந்தக் கொடியைத்தான் பார்க்கும். ஒருமுறை பயனரின் அனுமதியைச் சோதிக்கும் வரிக்கும் அதன் நிபந்தனைக்கும் நடுவில் இன்னொரு கட்டளையைச் செருகிவிட்டேன். அது கொடியை மாற்றிவிட்டது, அனுமதி இல்லாதவர்களும் உள்ளே போனார்கள். நிரலில் பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஒரு மாலை முழுக்கத் தேடினேன். உள்ளீடு வாங்குவதும் அப்படித்தான்: மாறியின் பெயர் கொடுக்காவிட்டால் எல்லாம் ஒரே பொதுச் சரத்தில் போய் உட்காரும், அடுத்த துணை நிரல் அதன்மேலேயே எழுதிவிடும். அப்புறம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மூல நிரலை ஓடக்கூடிய பைனரி கோப்பாக மாற்ற வேண்டும், மறந்தால் பழைய பைனரியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் இந்தத் தொல்லைகள் இல்லை. கோப்பைச் சேமித்துவிட்டு மறுபடி லாகின் செய்தால் போதும். பிபிஎஸ்ஸில் பயனர்கள் எழுதிய செய்திகளின் சேமிப்பைத் திறந்து தலைப்புகளைப் படிக்கலாம், அமைப்புகளைச் சேமிக்கும் ஐஎன்ஐ கோப்பில் எழுதலாம், சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) திறந்து வெளியே இன்னொரு சர்வரிடம் பேசலாம். சிங்க்ரோநெட்டின் வெப் சர்வர் பக்கங்களையும் இதே மொழியில் எழுதலாம். பாஜாவில் இவ்வளவையும் எழுதப் போனால் எழுதுகிறவருக்கு மூச்சு முட்டிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சின் ஸ்பைடர்மங்கி 1.8.5, 2011ல் ஃபயர்பாக்ஸ் 4 உடன் வந்த தலைமுறை. 2015க்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கற்றவர்கள் பழக்கதோஷத்தில் அம்புக்குறி ஃபங்க்ஷன், பின்சாய்வு மேற்கோளுக்குள் (`) மாறி என்று எழுதுவார்கள், இரண்டுமே இங்கே ஓடாது. மாறியை அறிவிக்காமல் விட்டால் அது எல்லாருக்கும் பொதுவாகிவிடும், லோட் செய்த இன்னொரு கோப்பில் அதே பெயர் இருந்தால் மதிப்பு மாறிப்போகும். அதனால் ஒவ்வொரு மாறியையும் மறக்காமல் 'வார்' போட்டு அறிவியுங்கள்.

மிஸ்டிக் என்ற இன்னொரு பிபிஎஸ் மென்பொருளிலும் இதே கதைதான், பாஸ்கல் சாயலில் எம்பிஎல் என்ற அதன் சொந்த மொழி ஒரு பக்கம், பைத்தான் இன்னொரு பக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் பாஜா நிரல்களை மாற்றி எழுத அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒரே பிபிஎஸ்ஸில் சேர்ந்தே ஓடும். கட்டளை வரியில் பெயருக்கு முன்னால் நட்சத்திரக்குறி போட்டால் பாஜா, கேள்விக்குறி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட். உங்கள் திருத்தங்களை மட்டும் மாட்ஸ் ஃபோல்டரில் வையுங்கள், அப்டேட் வரும்போது மூலக் கோப்புகள் மாறினாலும் உங்களுடையவை அப்படியே இருக்கும்.