எண்பது சதவீத ஒற்றுமை போதுமா? செல்லுலைட் அளவுகோல்: கேள்வி-பதில்

கேள்வி: செல்லுலைட்டை, அதாவது தொடை, பிட்டத் தோலில் தெரியும் குழிகளை, அளக்க நூர்ன்பெர்கர்–ம்யூலர் வகைப்பாடு இருக்க, ஹெக்செல் குழுவின் அளவுகோல் எதற்கு?

பதில்: 1978-இல் வந்த பழைய வகைப்பாட்டில் 0 முதல் 3 வரை நான்கே படிகள். மூன்று குழி உள்ளவரும் பன்னிரண்டு குழி உள்ளவரும் ஒரே படியில் வந்து நிற்பார்கள். 2009-இல் பிரேசிலின் டோரிஸ் ஹெக்செல் குழு குழிகளின் எண்ணிக்கை, ஆழம், தோலின் மேற்பரப்புத் தோற்றம், தொய்வு ஆகியவற்றோடு அந்தப் பழைய வகைப்பாட்டையும் சேர்த்து, ஐந்துக்கும் தலா 0–3 போட்டுக் கூட்டியது. 5 வரை லேசு, 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. சிகிச்சையின் பலனை அளக்க இதுதான் உதவும்.

கேள்வி: செல்லுலைட்டால் கால் சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. இதற்கு எத்தனை மதிப்பெண்?

பதில்: நீங்கள் சொல்வது செல்லுலைட் இல்லை, செல்லுலைட்டிஸ் போல இருக்கிறது. அது கிருமித் தொற்று. இன்றே மருத்துவரிடம் போங்கள். பெயரைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கேள்வி: 50 படங்களுக்கு இரண்டு மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். 80% ஒத்துப்போகிறது. அளவுகோல் நம்பகமானது என்று எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. ஆய்வேடுகளில் நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருமே 45 படங்களை 'நடுத்தரம்' என்றும் 5 படங்களைக் 'கடுமை' என்றும் சொல்கிறார்கள். ஆனால் முதலாமவர் கடுமை என்ற ஐந்தும் இரண்டாமவர் கடுமை என்ற ஐந்தும் வேறு வேறு படங்கள். அப்போதும் 40 படங்களில் ஒற்றுமை, அதாவது 80% வந்துவிடும். கடுமையான ஒரு படத்தைக்கூட இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்கவில்லையே! கண்ணை மூடிக்கொண்டு இதே விகிதத்தில் போட்டாலும் சுமார் 82% ஒத்துப்போகும். கப்பா (தற்செயலாக வரும் ஒற்றுமையைக் கழித்துவிட்டுக் காட்டும் அளவு) பார்த்தால் சுழிக்கும் கீழே, −0.1 அளவில் நிற்கும். படிகள் வரிசையாக இருந்தால் எடையிட்ட கப்பா (வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதிகம் தண்டிப்பது) போடுங்கள்; கூட்டு மதிப்பெண்ணுக்கு ஐ.சி.சி. (எண் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அளவு) போடுங்கள். சதவீதத்தை மட்டும் போடாதீர்கள். அப்புறம், படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே லேசும் கடுமையும் போதிய அளவு இருக்கட்டும். எல்லாமே நடுத்தரமாக இருந்தால் எந்த அளவுகோலும் சோதிக்கப்படவில்லை.

கேள்வி: அதே மருத்துவர் மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டு வாரம் கழித்து, படங்களின் வரிசையை மாற்றி.

கேள்வி: செல்போன் படம் போதுமா?

பதில்: போனைவிட வெளிச்சம்தான் முக்கியம். நேரே ஃபிளாஷ் அடித்தால் குழி மறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கு வைத்தால் ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழும். சிகிச்சைக்கு முன் சாய்வு விளக்கு, பின் ஃபிளாஷ் என்று எடுத்துவிட்டு 'குறைந்துவிட்டது' என்பது ஏமாற்று. ஆள் நிற்க வேண்டும், பிட்டத் தசை தளர்ந்திருக்க வேண்டும், விளக்கும் தூரமும் மாறவே கூடாது. மறுபடி சொல்கிறேன், விளக்கு மாறக் கூடாது.

கேள்வி: நோயாளியே மதிப்பெண் போடலாமா?

பதில்: போட வேண்டும். 2020-இல் அமெரிக்காவில் செல்லுலைட்டுக்கு அனுமதி பெற்ற கொலாஜினேஸ் ஊசியின் சோதனைகளில் மருத்துவருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று என இரண்டு அளவுகோல்கள், இரண்டும் 0–4. இரண்டிலுமே இரண்டு படி இறங்கினால்தான் பலன் என்று எடுத்துக்கொண்டார்கள்.