ஈறு வெளுத்திருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. 3 கிலோகூட இல்லாத உங்கள் நாய் சாயங்காலத்திலிருந்து வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிறது, சுங்கை சிப்புட்டிலிருந்து காலையில் ஈப்போவுக்குக் கொண்டுபோகலாமா, அதுவரை பனடோல் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பனடோல் வேண்டவே வேண்டாம். நாயின் கல்லீரலையும் இரத்தத்தையும் அது கெடுத்துவிடும்.

உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தால், இரவில் திறந்திருக்கும் கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டு இப்போதே கிளம்புங்கள்.

வீட்டுக்குப் பின்னால் செம்பனை என்றீர்களே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. தோட்டத்தில் எலி மருந்து வைத்தார்களா என்று லயத்தில் விசாரியுங்கள். அதில் பெரும்பாலானவை இரத்தத்தை உறையவிடாத வகை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் நாய் சோரும். எங்கள் நாய் கறுப்பிக்கு அப்படித்தான் ஆனது. மருந்துப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோனோம், டாக்டர் பார்த்ததும் இரத்தத்தை மறுபடி உறைய வைக்கும் வைட்டமின் கே1 ஆரம்பித்தார். வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தோம், பிழைத்துவிட்டாள்.

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலும் வேண்டாம். விழுங்க முடிந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் ஒரு தேக்கரண்டியாக. சின்னக் குட்டி தள்ளாடினால் ஈறில் கொஞ்சம் தேன் தடவலாம்.

தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால், இரத்தமாகப் பேதியும் போனால், நாய்களுக்கு வரும் பார்வோ என்ற தொற்றுநோயாக இருக்கலாம். மற்ற நாய்களை அண்டவிடாதீர்கள். ஈறு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், நான் விழித்துத்தான் இருக்கிறேன்.