அப்பாவின் வேலை சென்னைக்குப் போகிறது, மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

டெக்ஸாஸில் டல்லாஸுக்குப் பக்கத்தில் உள்ள ஃபிரிஸ்கோவிலிருந்து நீங்கள் எழுதியதில் இரண்டு கவலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கணவரின் டீமையே சென்னைக்கு மாற்றுகிறார்கள். அவர் இப்போது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, சென்னை டீமுக்குத் தன் வேலையைக் கற்றுக்கொடுக்கும் கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) கொடுத்துக்கொண்டிருக்கிறார். பதினோராம் வகுப்பு படிக்கும் மகளோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் அதே துறையா என்று கேட்கிறீர்கள்.

முதலில் மகள். பிரின்ஸ்டன் பொருளாதாரப் பேராசிரியர் ஆலன் பிளைண்டர் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வேலை கடல் கடந்து போகுமா என்பதை அதற்குத் தேவையான படிப்பு தீர்மானிப்பதில்லை, அந்த வேலையைச் செய்ய ஆள் நேரில் இருந்தாக வேண்டுமா என்பதுதான் தீர்மானிக்கிறது என்றார். அடுத்த வருடம் அவர் போட்ட கணக்கில், அமெரிக்க வேலைகளில் 22 முதல் 29 சதவீதம் வரை வெளியே போக வாய்ப்புள்ளவை. போயே தீரும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தது கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, புரோகிராமர், சாஃப்ட்வேர் டெவலப்பர் என்று தனித்தனியாகக் கணக்கெடுக்கிறது. 2000இல் 5 லட்சத்துக்கு மேல் இருந்த புரோகிராமர்கள் 2024இல் சுமார் 1.2 லட்சம்தான். டெவலப்பர்களோ 16 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பதவிப் பெயரை மாற்றியதும் இதில் கொஞ்சம் உண்டு. ஆனாலும் போக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைக் கம்ப்யூட்டர் கோடாக மாற்றும் வேலை தேய்ந்தது. என்ன செய்ய வேண்டும் என்று வாடிக்கையாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யும் வேலை வளர்ந்தது.

இதைக் கேட்டு முழுதாக நிம்மதி அடையவும் வேண்டாம். சாதாரண வேலைதான் போகும், மூளை வேலை இங்கேயே இருக்கும் என்பது பழைய கதை. 2024 கணக்குப்படி இந்தியாவில் பன்னாட்டு நிறுவனங்கள் தங்களுக்காகவே நடத்தும் 1,700க்கு மேற்பட்ட ஜிசிசி மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். சென்னை ஓஎம்ஆர் ஐ.டி. சாலையில் வேலை பார்க்கும் பெண் இன்று டிசைனும் செய்கிறாள், டீமையும் நடத்துகிறாள். உங்கள் மகளைவிட அவள் திறமை குறைந்தவள் என்று நினைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை முதல் படியைப் பற்றித்தான். டெஸ்டிங், சப்போர்ட், சின்னச் சின்ன பக் சரிசெய்வது, இதெல்லாம்தான் புதிதாக வருபவர்கள் தொழில் பழகிய இடம். வெளியே முதலில் போவதும் அதுதான், இப்போது ஏஐ கைவைப்பதும் அங்கேதான். அதனால் கல்லூரி பார்க்கும்போது ரேங்க்கைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, எத்தனை பேருக்குச் சம்பளத்தோடு கோ-ஆப் (படிப்பின் நடுவே கம்பெனியில் வேலை), இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது என்று கேளுங்கள். வெளி மாநிலத்தில் பெரிய கடன் வாங்கிப் படிப்பதை, வீட்டில் ஒரு வருமானம் ஆடிக்கொண்டிருக்கும்போது நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியான காலின் காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூ.டி. டல்லாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

கோடிங்கோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டால் பிடிமானம் கூடும். மகள் இங்கே பிறந்தவள், குடியுரிமை உள்ளவள். ராணுவத் தொழில்நுட்ப வேலைகளைச் சட்டமே வெளிநாட்டுக்கு எளிதில் விடுவதில்லை. ஃபோர்ட் வொர்த்தில் எஃப்-35 போர் விமான ஆலை உங்களுக்குப் பக்கம்தான். ஷெர்மனில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் புதிய சிப் ஆலைகளும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் எஞ்சினியரிங், எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் இரண்டையும் அவளிடம் பேசிப் பாருங்கள். நர்ஸிங் வேலை எங்கேயும் போகாது என்கிறார் உங்கள் அக்கா. உண்மைதான். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்று நீங்களே எழுதியிருக்கும் பெண்ணை அதில் தள்ள வேண்டாம்.

தொழிற்சாலை ஊர்களின் கதையைப் படித்துப் பயந்துபோயிருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். 2000இல் சுமார் 1 கோடியே 70 லட்சமாக இருந்த அமெரிக்க உற்பத்தித்துறை வேலைகள் 2010இல் 1 கோடியே 15 லட்சம் ஆயின. இயந்திரமயம், 2008 சரிவு, சீன இறக்குமதி எல்லாம் சேர்ந்து செய்தது அது. இல்லினாய்ஸின் கேல்ஸ்பர்க்கில் மேடேக் ஃபிரிட்ஜ் ஆலை 2004இல் மூடப்பட்டு, வேலை மெக்சிகோவின் ரெய்னோசாவுக்குப் போனது. அங்கே ஊரே ஒரு ஆலையை நம்பி இருந்தது. வேலை போனவர் வீட்டை விற்கவும் முடியவில்லை, பக்கத்தில் வேறு வேலையும் இல்லை. டல்லாஸ் அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உங்கள் கணவருக்கும் பொருந்தும். பென்சில்வேனியாவில் பல வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்து நீக்கப்பட்டவர்களை ஆராய்ந்த 1993 ஆய்வில், வருடங்கள் கழிந்த பிறகும் அவர்களின் வருமானம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தே இருந்தது. பழைய சம்பளம் கிடைத்தால்தான் சேருவேன் என்று ஒரு வருடம் காத்திருக்காமல் இருப்பது நல்லது.

அவருக்கு உடனடியாகச் சில விஷயங்கள். வேலை நீக்க இழப்பீட்டுக்கான சீவரன்ஸ் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். 40 வயதுக்கு மேற்பட்டவரைக் கூட்டத்தோடு நீக்கி, வயதுப் பாகுபாட்டு வழக்கு போடும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், யோசிக்க 45 நாள், போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற 7 நாள் தர வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்த அவகாசத்தில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வேலை வெளிநாடு போனதால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே இருந்த ட்ரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ் திட்டத்தின் அனுமதிக் காலம் முடிந்துவிட்டதால், 2022 ஜூலையிலிருந்து புதிய மனுக்களின் மேல் முடிவு எடுப்பதில்லை; பழைய வலைப்பக்கங்களை நம்பி அலைய வேண்டாம். டெக்ஸாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் வேலையின்மைப் படிக்கு மனு போடுவதை மட்டும் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவம் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்க்கும். அதில் உங்கள் குடும்பம் இன்னும் வசதியான குடும்பமாகவே தெரியும். மகளுக்கு இடம் கிடைத்ததும், வேலை நீக்கக் கடிதத்தையும் இப்போதைய வருமான விவரத்தையும் வைத்து, மறுபரிசீலனை செய்யச் சொல்லி அந்தந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு, ஆனால் நாமாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். அந்தக் கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.