ஓஃபன்பாக் பெரிய இசையமைப்பாளரா, கான்கான் ஆட்டத்துக்கு மெட்டுப் போட்டவர் மட்டும்தானா?

பெரிய இசையமைப்பாளர்தான். அதை முதலே சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு: ஜாக் ஓஃபன்பாக் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒப்பரெட்டா என்ற வேடிக்கையான இசைநாடகங்கள் எழுதியவர். கான்கான் என்பது காலை உயரத் தூக்கி ஆடும் விடுதி ஆட்டம்.

ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளையை எங்காவது இசைப் பள்ளியில் சேர்த்திருப்பீர்கள், பாடத்தில் இந்தப் பெயர் வந்திருக்கும், யாரோ சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். வந்த புதிதில் கோப்பை கழுவினேன், இப்போது சேந்த் ஆன் தெருப் பக்கம் ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமையல். மகளுக்கு 13 வயது. ஏழு வயதிலிருந்து செல்லோ படிக்கிறாள், உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரியான வாத்தியம். போன வருடம் மாணவர் கச்சேரிக்கு அவளும் இன்னொரு பிள்ளையும் சேர்ந்து வாசிக்க, ஓஃபன்பாக் இரண்டு செல்லோவுக்கு எழுதிய பாடம் ஒன்றை ரீச்சர் கொடுத்தார்.

ஒத்திகை நாளில் பெற்றோர் எல்லாரும் வெளியே காத்திருந்தோம். பாக் என்ற பெரிய இசையமைப்பாளரின் செல்லோத் தொகுப்பிலிருந்து வாசிக்கப்போகும் பையனின் தாய் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு, "ஓ, கான்கான்!" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மகள் அந்த நேரம் வில்லின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள். மயிர் இறுகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். ரயிலில் வரும்போது, "அப்பா, ரீச்சரிட்ட வேற ஏதாவது கேட்கட்டா?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பெயர் எனக்குத் தெரியாததல்ல. வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸாஜ் சுவாசல் என்று கண்ணாடிக் கூரை போட்ட ஒரு நீளமான கடைச் சந்து இருக்கிறது. அதோடு ஒட்டினாற்போல் பூஃப் பாரிசியன் அரங்கு. 1855இல் ஓஃபன்பாக் தொடங்கிய நாடகக் கம்பனியின் பெயர்தான் இன்றைக்கும் அதற்கு. எத்தனையோ வருடம் அதைக் கடந்து நடந்திருக்கிறேன், ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் பிடித்துக்கொண்டது அவருடைய தகப்பன்தான். 1833இல் கொலோன் நகரத்திலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் வந்தவர். புத்தகம் கட்டும் தொழில் பழகி, யூதர்களின் தொழுகைக்கூடத்தில் பாடி, அதில் குடும்பம் நடத்தியவர். பெரியவனுக்கு வயலின், 14 வயதுச் சின்னவன் யாக்கோபுக்குச் செல்லோ. கொன்சர்வத்துவார் என்ற பாரிஸ் அரசு இசைப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்று சட்டம். பத்து வருடத்துக்கு முன், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பியானோக் கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்டையே வாசலோடு திருப்பியிருக்கிறார்கள். இயக்குநர் கெருபினியும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார், அவரே ஓர் இத்தாலியர். பிறகு பையன் முன்பின் பார்க்காத தாள் ஒன்றை வைத்து வாசித்துக் காட்டவும் சேர்த்துக்கொண்டார். தகப்பன் இரண்டு பேருக்கும் தொழுகைக்கூடத்துப் பாடகர் குழுவில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, சில மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். தனியாக. அந்த மனிதனை நினைத்துக்கொண்டு அன்றிரவு முழுக்க வேலை செய்தேன்.

யாக்கோப் ஒரு வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு ஒப்பெரா கொமிக் என்ற அரங்கின் வாத்தியக் குழுவில் செல்லோ வாசித்துச் சம்பாதித்தார். பிரெஞ்சுக்காரர் வாய்க்கு ஏற்றபடி ஜாக் ஆனார். 1844இல் இங்கிலாந்தின் விண்ட்சரில் விக்டோரியா அரசிக்கு முன்னால் வாசித்தார். செல்லோ மாணவர்களுக்கென்றே இணைவாசிப்புப் பாடங்கள் எழுதினார். ஓபுஸ், அதாவது படைப்பு எண், 49 முதல் 54 வரை, இலகுவில் தொடங்கி மிகக் கடினமானது வரைக்கும் ஏறும் ஆறு தொகுதிகள். மகள் கையில் இருந்த தாள் அதில் ஒன்று. செல்லோவை உள்ளும் புறமும் தெரிந்த ஒருவர், படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. ஞாயிற்றுக்கிழமை அவர் பாரிஸ் வந்ததிலிருந்து இந்தக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். "14 வயசிலயா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேளிக்கை இசை என்றால் இலேசாக வந்த இசை என்று நினைக்கிறோம். அது தவறு. பெரிய அரங்குகள் அவருடைய நாடகங்களை எடுக்கவில்லை. அதனால்தான் 1855இல் உலகக் கண்காட்சிக்குப் பாரிஸில் கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து, சான்செலிசே என்ற பெரிய வீதிப் பக்கம் ஒரு சின்ன மர அரங்கை எடுத்தார். ஜூலை 5ஆம் தேதி திறப்பு. அரசாங்கம் கொடுத்த உரிமப்படி ஓரங்க நாடகம் மட்டும்தான், மேடையில் பேசிப் பாட மூன்று பேர்தான். அன்றைக்குப் போட்ட ஒன்றில் இரண்டே ஆண்கள். குருடர்போல் நடிக்கும் இரண்டு பிச்சைக்காரர் ஒரு பாலத்தில் இடத்துக்குச் சண்டை பிடிப்பார்கள். சனம் அள்ளிக்கொண்டு வந்தது.

பிறகு நாலு பேர் வரை விட்டார்கள். 1857இல் 'குரோக்ஃபேர்' என்ற நாடகத்துக்கு ஐந்தாவது பாத்திரம் ஒன்று தேவைப்பட்டது. என்ன செய்தார் தெரியுமா? போரில் நாக்கு அறுபட்ட வீரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் பேச மாட்டான், உறுமுவான், சொல்ல வேண்டியதை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டுவான். சட்டத்தில் பேசுகிறவர்கள் இன்னும் நாலு பேர்தான்! இரண்டு அடுப்பை வைத்துக்கொண்டு அறுபது பேருக்குச் சமைத்தவனுக்கு இந்தப் புத்தியின் அருமை தெரியும்.

அடுத்த வருடம் கட்டுப்பாடு நீங்கியதும், 1858 அக்டோபர் 21ஆம் தேதி 'பாதாளத்தில் ஓர்ஃபே' மேடையேறியது, இறந்த மனைவியைத் தேடிப் பாதாளம் போகும் பாடகனின் கிரேக்கக் கதையைக் கேலியாக்கிய நாடகம். ஜூல் ஜனான் என்ற பெரிய விமர்சகர், புனிதமான கிரேக்கப் பழமையைக் கெடுத்துவிட்டார் என்று பத்திரிகையில் திட்டினார். திட்டத் திட்ட ரிக்கற் விற்றது. 228 தடவை தொடர்ந்து ஓடியது.

அந்தக் கான்கான் மெட்டு இதில்தான் வருகிறது. ஓஃபன்பாக் வைத்த பெயர் கான்கான் இல்லை, 'பாதாள கலோப்'. கலோப் என்றால் ஒரு வேக ஆட்டம். பாதாளத்தில் தெய்வங்கள் எல்லாம் வெறிபிடித்து ஆடுகிற இடம். காலைத் தூக்கி ஆடும் விடுதி ஆட்டத்தோடு அது ஒட்டிக்கொண்டது பிறகு. கான்கானுக்குப் பேர்போன மூலான் ரூஜ் விடுதி திறந்ததே 1889இல், அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து. இன்னொன்றை மகள்தான் எனக்குக் காட்டினாள். சேன் சான்ஸ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தன்னுடைய 'விலங்குகளின் திருவிழா'வில் ஆமைக்கு இதே மெட்டை மிக மெதுவாக ஊர விட்டிருக்கிறார். வேடிக்கைக்குச் செய்ததுதான். ஆனால் வேகத்தை எடுத்துவிட்ட பிறகும் மெட்டு உடையாமல் நிற்கிறது, அழகாகவே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

கச்சேரி நல்லபடி நடந்தது. ஒருத்தி மேலே பாட மற்றவள் கீழே தாங்குவாள், பிறகு இடம் மாறுவார்கள். மகளின் இடதுகைப் பெருவிரல் செல்லோவின் கழுத்தை விட்டு எழும்பித் தந்தியில் பக்கவாட்டாகப் படுத்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுருதி சரியாக விழுந்தது. கைதட்டல் மற்றப் பிள்ளைகளுக்குப் போலத்தான் கிடைத்தது, அது போதும்.

அன்றிரவு செல்லோவை ஐந்தாம் மாடிக்கு நான் தோளில் சுமந்தேன். எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் நாலு மாதமாக வேலை செய்யவில்லை.    

"சமையல்காரனுக்கு ஒப்பரெட்டாவைப் பற்றி என்ன தெரியும்" என்று எழுத நினைப்பவர்களுக்கு: நான் இசை படித்தவன் இல்லை, சொல்லியே விட்டேன். ஓஃபன்பாக் ஏறக்குறைய நூறு மேடை நாடகங்கள் எழுதினார், எல்லாமே நல்லவை என்றும் சொல்லவில்லை. கனமான ஒப்பெராக்கள் எழுதிய ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோடு ஒப்பிடவும் வரவில்லை. "அவர் பிரெஞ்சுக்காரரே இல்லை, ஜெர்மன்காரர்" என்று யாராவது எழுதுவீர்கள், அதையும் எதிர்பார்க்கிறேன். 1860இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார், அடுத்த வருடம் லெஜியோன் தொனர் என்ற பிரெஞ்சு அரசின் உயர்ந்த விருதைக் கொடுத்தார்கள். கடைசிவரை ஜெர்மன் வாடையோடுதான் பிரெஞ்சு பேசினார். 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் போர் வந்ததும் பாரிஸ் பத்திரிகைகள் அவரை ஜெர்மன் தலைவர் பிஸ்மார்க்கின் ஆள் என்றன, ஜெர்மன் பத்திரிகைகள் துரோகி என்றன. இரண்டு பக்கத்திலும் அடி. இதை நான் விளக்கத் தேவையில்லை, வேறு நாட்டில் வாழும் நம்மவர்களுக்குப் புரியும்.

போருக்குப் பிறகு பெரிய அரங்கு ஒன்றை நடத்திக் கடனில் முறிந்துபோனார். 1876இல் கடனை அடைக்க அமெரிக்கா போய்க் கச்சேரி செய்தார். கடைசிக் காலத்தில் வாதநோயோடு 'ஹோஃப்மன் கதைகள்' எழுதினார். அது வேடிக்கை ஒப்பரெட்டா இல்லை, கனமான முழு ஒப்பெரா. 1880 அக்டோபர் 5ஆம் தேதி இறந்தார், நாடகம் அடுத்த பெப்ரவரியில் மேடையேறியது.

கேட்பதென்றால் கான்கானில் தொடங்காதீர்கள். முதலில் ஓபுஸ் 54 இரட்டைச் செல்லோ. அப்புறம் 1868இல் வந்த 'லா பெரிகோல்' நாடகத்தில் கடிதப் பாட்டு. பசியில் வாடும் தெருப்பாடகி, காதலனை விட்டுப் போகுமுன் எழுதும் கடிதம். உன்னை நேசிக்கிறேன், ஆனால் பாண் இல்லாதபோது அன்பாக இருக்க முடியுமா என்று கேட்கிறாள். கூடவே இசை எந்த ஆர்ப்பாட்டமும் செய்யாமல் மெதுவாக நடக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு என்ன தோன்றியது என்று கீழே எழுதுங்கள். மகளுக்கும் காட்டுகிறேன்.