ஒகேனக்கல் பரிசலில் நாலு வயசுப் பையன்: ஜாக்கெட்டும் தூண்டிலும்

நாலு வயசு மகன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிடுறான், பரிசலில் தூண்டிலும் போடணுங்கிறான், என்ன செய்யன்னு கேட்டிருந்தீங்க. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினா பரிசலில் ஏத்தாதீங்க, எவ்வளவு அழுதாலும் சரி. அவன் கழற்றக் காரணம் அநேகமா அளவுதான்: பெருசா இருந்தா உட்கார்ந்ததும் மேலேறித் தாடையில் இடிக்கும்.

மாட்டிவிட்டு ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. காதுவரை ஏறினா தண்ணியில் கழன்று வந்துடும். அவன் எடைக்கேத்ததா, கால்களுக்கிடையே பட்டை உள்ளதா வாங்கி, ரெண்டு நாள் வீட்டுலயே போட்டு விளையாட விடுங்க. என் மகளுக்கு அதுதான் கைகொடுத்தது.

தூண்டில் பரிசலில் வேண்டவே வேண்டாம். பரிசல் சுழலும்போது முள் யார் கண்ணில் ஏறும்னு தெரியாது. கரையில் போடுங்க, அங்கேயும் கையைப் பிடிச்சபடியே. காவிரியில் முதலை உண்டு.

கர்நாடகாவின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் தண்ணியை அதிகமாத் திறந்துவிட்டா பரிசலை நிறுத்திடுவாங்க. கிளம்புமுன் நீர்வரத்தை விசாரிச்சுக்குங்க.